வலையமைப்புத் துறைகளும் வாயிற் சோதனையும்

துறை என்னுஞ் சொல் தமிழிலே பழையது. பொருள் விரிவும் உடையது. நீர்நிலையில் இறங்கும் இடம் துறை. மரக்கலம் வந்தடையும் இடம் துறை. கல்வியின் ஒரு பிரிவும் துறை. பருத்தித்துறை, காங்கேசன்துறை, வல்வெட்டித்துறை என நம் நாட்டு ஊர்ப்பெயர்களிலும் அச்சொல் நிலைபெற்றுள்ளது. கணினி வலையமைப்பியலில் ஆங்கிலத்திலே 'போர்ட்' எனப்படுவதனைத் தமிழிலே துறை என்று வழங்குதல் இதனாற் பெரிதும் பொருந்துகின்றது. வெளியிலிருந்து வருஞ் செய்தி ஒரு கணினியில் எவ்விடத்திற் கரையேறுகின்றதோ அவ்விடம் அக்கணினியின் துறையாகும்.

துறையுள்ள இடத்திலே காவலும் வேண்டும். வணிகர் இறங்குந் துறையிற் கள்வரும் இறங்குதல் கூடும். ஆகவே ஒரு கணினியின் துறைகளுள் எவை திறந்துள்ளன, எவை அடைபட்டுள்ளன என்று அறிதல் அக்கணினியைப் பேணுவோரின் முதற் கடமையாகின்றது. ஒரு கணினியாயின் இது எளிது. நூறு ஆள்களப் பெயர்களைப் பேணவேண்டிய ஒருவருக்கோ கையாற் செய்து முடித்தல் இயலாத வேலை. அவருக்குத் துணையாவது ஷெல் நிரல். அந்நிரல் செயற்படும் முறை யாது, அது தரும் விடையை எவ்வாறு பொருள்கொள்ளல் வேண்டும், அவ்விடை எதனைச் சொல்லாது விடுகின்றது என்னும் மூன்றனையும் ஈண்டு ஆராய்வாம்.

பெயரும் முகவரியும் துறையும்

முதற்கண் மூன்று பொருள்களை வேறு பிரித்து அறிதல் வேண்டும். ஆள்களப் பெயர் என்பது மனிதர் நினைவிற் கொள்வதற்கு எளிதாக அமைந்த பெயர். இலங்கைக்குரிய 'எல்கே' என்னும் ஆள்களம் 1990 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. 2010 ஆம் ஆண்டில் 'இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் ஆள்களமும், அதற்கு இணையாகச் சிங்கள எழுத்தில் அமைந்த ஆள்களமும் வழங்கப்பெற்றன. ஐபி முகவரி என்பது எண்களால் ஆனது. இயந்திரங்கள் அறிவது இதனையே. பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தருவது ஆள்களப் பெயர் முறைமை. அம்முகவரியில் உள்ள கணினியின் வாயில்களே துறைகள். அவற்றுக்குப் பெயரில்லை, இலக்கமே உண்டு.

மலைநாட்டுத் தோட்டங்களை அறிந்தவர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். நெடுங்காலமாக லயங்களில் வாழ்ந்த குடும்பங்களுக்குத் தனித்தனி முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரே அனைவருக்கும் முகவரி. கடிதங்கள் யாவும் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். உறையின்மேல் எழுதியிருக்கும் பெயரைப் பார்த்தே அவை உரியவரைச் சென்றடையும். இணையத்திலும் இவ்வாறே நிகழ்கின்றது. குறைந்த கட்டணத்துக்கு இடந்தரும் நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான ஆள்களப் பெயர்கள் ஒரே சேவையகத்தில், ஒரே முகவரியில் வாழ்கின்றன. வருபவர் தாம் நாடி வந்த பெயரைச் செய்தியின் தொடக்கத்திலேயே சொல்ல, அதனைக் கேட்டே சேவையகம் உரிய பக்கத்தை எடுத்துக் கொடுக்கின்றது.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று உண்டு. துறை என்பது பெயருக்கு உரியதன்று, முகவரிக்கு உரியது. காரியாலயத்தின் கதவு திறந்து கிடந்தால் ஒருவரின் கடிதம் மாத்திரமன்றித் தோட்டத்தார் அனைவரின் கடிதங்களும் காவலற்றுப் போகும். பல ஆள்களங்களைச் சோதிப்போர் முதலிலும் இறுதியிலும் மனத்திற் கொள்ளவேண்டியது இதுவே. சோதனையின் கணக்கும், அதன் பொருளும், அதற்கு வேண்டிய அனுமதியும் இவ்வுண்மையையே பற்றி நிற்கின்றன.

இலக்கங்களின் ஒழுங்கு

துறையிலக்கம் 16 இருமவெண் இடங்களால் எழுதப்படுவது. ஆதலின் 0 முதல் 65,535 வரை 65,536 இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் 0 முதல் 1023 வரையுள்ளவை பொதுச் சேவைகளுக்கென ஒதுக்கப்பட்டவை. மின்னஞ்சலைச் சேவையகங்கள் தமக்குள்ளே கைமாற்றுவது 25 ஆம் துறையில். பெயருக்கு முகவரி கேட்பது 53 இல். இணையப் பக்கங்கள் மறைப்பின்றி வருவது 80 இல், மறைகுறியாக்கத்துடன் வருவது 443 இல். மைஎஸ்கியூஎல் என்னுந் தரவுத்தளம் 3306 இலும், தொலைவிலிருந்து விண்டோஸ் கணினியின் திரையை ஆளும் வசதி 3389 இலும் காத்திருத்தல் வழக்கம்.

இவ்விலக்கங்கள் எவ்வாறு வழங்கப்பட்டன என்பதற்கு 22 ஆம் துறை நல்லதோர் எடுத்துக்காட்டு. 1995 ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கித் தொழினுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பிற் கடவுச்சொற்கள் களவாடப்பட்டன. அங்கு ஆய்வாளராயிருந்த டாட்டு யிலோனென் என்பார் அதற்கு மாற்றாக எஸ்எஸ்எச் என்னும் காப்புடைய முறையை இயற்றினார். கோப்புகளைக் கைமாற்றும் எஃப்டிபி 21 ஆம் துறையிலும், தொலைவிலிருந்து கட்டளையிடும் டெல்நெட் 23 ஆம் துறையிலும் இருந்தன. அவ்விரண்டுக்கும் மாற்றாகத் தம்முடைய முறை அமைதலின் இடையிலுள்ள 22 ஐத் தருமாறு அவர் வேண்ட, அது வழங்கப்பட்டது. இன்று உலகெங்குஞ் சேவையகங்களைப் பேணுவோர் நாடோறும் புகும் வாயில் இதுவேயாம். கள்வர் நாடோறுந் தட்டிப் பார்க்கும் வாயிலும் இதுவே.

தட்டுதலும் விடை பெறுதலும்

ஒரு துறை திறந்துள்ளதா என்று அறியும் வழி அதனைத் தட்டிப் பார்த்தலே. டிசிபி என்னும் நடப்பொழுங்கின் விதிகளை ஜோன் போஸ்டல் பதிப்பித்து 1981 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் வெளியிட்டார். 2022 ஆம் ஆண்டில் அவை திருத்தித் தொகுக்கப்பட்டன. தொடர்பு தொடங்கும் முறை மட்டும் அன்றிருந்தபடியே இருந்து வருகின்றது.

அம்முறையைப் புகையிரதப் பாதையின் ஒழுங்கோடு ஒப்பிடலாம். பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924 ஆம் ஆண்டில். ஒற்றைத் தண்டவாளமுடைய அப்பாதையில் இரு வண்டிகள் எதிர்ப்படாதவாறு டேப்லட் எனப்படும் வில்லை முறை கையாளப்பட்டது. ஒரு நிலைய அதிபர் மணிக்குறியால் அடுத்த நிலையத்தாரை இசைவு கேட்பார். அவர் இசைந்தாலன்றிப் பொறியிலிருந்து வில்லை வெளிவராது. வில்லை கைக்கு வந்தாலன்றிச் சாரதி வண்டியை நகர்த்தார். கேள்வி, இசைவு, புறப்பாடு என்னும் அம்மூன்று படிகளையே டிசிபியிலுங் காண்கின்றோம். வருபவர் 'தொடங்கலாமா' என்று ஒரு சிறு செய்தி விடுக்கின்றார். துறை திறந்திருப்பின் 'தொடங்கலாம்' என்று விடை வருகின்றது. 'நன்று' என்று வருபவர் ஏற்கின்றார். மூன்றும் நிறைவேறிய பின்னரே உரையாடல் தொடங்கும்.

இங்ஙனந் தட்டும்பொழுது மூவகை விளைவுகள் உண்டாதல் கூடும். இசைவு வந்தால் துறை திறந்துள்ளது. மறுப்பு வந்தால் துறை மூடியுள்ளது. ஆயினும் அம்முகவரியிற் கணினியொன்று விழித்திருக்கின்றது என்பதனை அம்மறுப்பே உணர்த்துகின்றது. இசைவும் மறுப்புமின்றி மௌனமே விடையாயின், இடையிலுள்ள தீச்சுவர் அச்செய்தியை விழுங்கியிருக்கலாம். வழியிலே செய்தி தவறியிருக்கலாம். கணினி உறங்கியிருத்தலும் கூடும். மௌனத்தை மறுப்பென்று எழுதிக்கொள்ளுதல் சோதனையின் முதற் பிழையாகும். தட்டிய வீட்டில் எவரும் பேசவில்லை என்பதும், உள்ளிருந்து ஒருவர் 'வராதே' என்றார் என்பதும் வெவ்வேறு செய்திகள் அல்லவோ?

யூடிபி என்னும் மற்றொரு நடப்பொழுங்கில் இந்நிலை தலைகீழாகின்றது. அதில் முன்னிசைவு கேட்கும் வழக்கமே இல்லை. மூடிய துறையைத் தட்டினால் 'இங்கு எவரும் இலர்' என்னும் அறிவிப்பு வருதல் இயல்பு. திறந்த துறையோ தனக்குப் புரியாத செய்தியைக் கேட்டு வாளாவிருத்தல் கூடும். எனவே டிசிபியின் அளவுகோலால் யூடிபியை அளத்தல் ஆகாது.

பல பெயர்களைப் பேணுவோர் அறியவேண்டிய நிகழ்ச்சிகள்

இச்சோதனையின் தேவையையும் எல்லையையும் உணர்த்தும் மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுவாம்.

2017 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் நாள் 'வன்னாகிரை' என்னுந் தீநிரல் உலகிற் பரவத் தொடங்கி ஏறத்தாழ 150 நாடுகளைத் தாக்கியது. பிரித்தானிய மருத்துவமனைகள் பல செயலிழந்தன. அது நுழைந்தது விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் 445 ஆம் துறை வழியாக. அலுவலகத்தின் உள்ளறைகளுக்கிடையே மாத்திரம் இருக்கவேண்டிய அவ்வாயில் எண்ணற்ற இடங்களில் இணையமென்னும் பெருந்தெருவை நோக்கித் திறந்து கிடந்தது. பழுதைத் திருத்தும் மென்பொருளை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. தம் துறைகளை முன்னமே எண்ணிப் பார்த்திருந்தோர் வெளியிலிருந்து வரும் தாக்குதலைத் தடுத்திருத்தல் கூடும். துறைச் சோதனை இத்தகைய இடத்திற் பெரும்பயன் தருவது.

இரண்டாவது நம் நாட்டிலே நிகழ்ந்தது. 2021 ஆம் ஆண்டு பெப்ரவரி 6 ஆம் நாட் காலையில் 'எல்கே' என்று முடியும் சில ஆள்களங்களை நாடியவர்கள் வேறொரு பக்கத்துக்கு இட்டுச் செல்லப்பட்டனர். கூகுள் நிறுவனத்தின் இலங்கைப் பெயரும் அவற்றுள் ஒன்று. தேயிலைத் தொழிலின் பிரச்சினைகள், பத்திரிகைச் சுதந்திரம் முதலியன பற்றிய வாசகங்கள் அப்பக்கத்திற் காணப்பட்டன. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றி நாடெங்கும் பேசப்பட்ட காலம் அது. கூற்றின் நியாயம் வேறு, அதனைக் கூறிய வழி வேறு. ஈண்டு நாம் நோக்கவேண்டியது, எந்தச் சேவையகத்தின் கதவும் உடைக்கப்படாமலே பெயருக்கும் முகவரிக்கும் இடையிலிருந்த தொடர்பு மாற்றப்பட்டது என்பது. அவ்வேளையில் ஒருவர் அப்பெயர்களின் இணையத் துறையைத் தட்டியிருந்தாலும் திறந்துள்ளது என்றே விடை பெற்றிருப்பார்; திறந்திருந்தது பிறர் வீட்டு வாயில் என்பதனை அவ்விடை சொல்லாது. ஆகவே துறையின் நிலையை மாத்திரம் எழுதும் நிரல் குறையுடையது; பெயர் எந்த முகவரிக்கு இட்டுச் சென்றது என்பதனையும் அது எழுதி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, 2023 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் முகில் சேவை பணயத் தீநிரலால் தாக்கப்பட்டமை. அரசாங்க ஆள்களத்துக்குரிய ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான அஞ்சல்கள் மீட்க இயலாதவாறு அழிந்தன. அங்கு வழங்கிவந்த அஞ்சல் மென்பொருள் 2013 ஆம் ஆண்டின் பழம் பதிப்பு. அஞ்சற் சேவையகத்தின் துறை திறந்திருத்தல் குற்றமன்று. திறந்திராவிடின் அஞ்சல் வாராது. கதவு திறந்திருக்க வேண்டிய கதவே, கீல்தான் துருப்பிடித்திருந்தது. துறைச் சோதனை கீலின் நிலையைக் காட்டாது. பல காரியாலயங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தமையின் ஒரு கேடு அனைவருக்குங் கேடாயிற்று என்பதும் கருதத்தக்கது.

நிரலின் அமைப்பு

ஷெல் என்பது மனிதர் எழுத்தால் இடுங் கட்டளைகளைக் கணினியின் பணிசெயல் முறைமைக்கு உணர்த்தும் இடைநிலை நிரல். யுனிக்ஸ் முறைமையில் ஸ்டீபன் போர்ன் இயற்றிய ஷெல் 1979 ஆம் ஆண்டில் வெளிவந்தது; அதன் வழித்தோன்றலாகப் பிரையன் ஃபொக்ஸ் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பாஷ்' இன்று மிகப் பரவலாக வழங்குகின்றது. ஒவ்வொரு முறையும் விரலால் தட்டச்சிடவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைப்பின் அக்கோப்பே ஷெல் நிரலாகும்.

ஒரு கல்விக் காரியாலயம் 120 பாடசாலைகளின் ஆள்களப் பெயர்களைப் பேணுகின்றது எனவும், ஒவ்வொன்றிலும் 8 துறைகளைச் சோதிக்க விரும்புகின்றது எனவுங் கொள்வோம். முதலிற் பெயர்களை ஒரு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதல் வேண்டும். விண்டோஸ் கணினியில் எழுதிய கோப்பாயின் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் கண்ணுக்குத் தெரியாத குறியொன்று ஒட்டியிருக்கும். அதனை நீக்காவிடில் எல்லாப் பெயர்களும் இல்லாப் பெயர்களாய் முடியும். தமிழ் எழுத்திலமைந்த பெயர்கள் உளவாயின் அவற்றை முறைமை அறியும் மாற்றுருவில் எழுதுதல் நன்று. ஆள்களப் பெயர் முறைமை ஆங்கில எழுத்துகளையே அடிப்படையாகக் கொண்டமையின், தமிழ்ப் பெயர்களை அவ்வெழுத்துகளாற் குறிக்கும் முறையொன்று 2003 ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது.

அடுத்து நிரல் ஒவ்வொரு பெயராக எடுத்து அதற்குரிய முகவரியைக் கேட்டல் வேண்டும். பலர் இப்படியைத் தவிர்த்து நேரே துறையைத் தட்டுவர். பாஷ் ஷெல்லில் டிசிபித் தொடர்பைத் திறக்கும் வசதி உள்ளமையின் அது எளிதுமாகும். ஆனால் துறை மறுத்தாலும், பெயரே இல்லாதொழிந்தாலும் அவ்வசதி தோல்வியென்னும் ஒரே குறியையே திருப்பித் தருகின்றது. பதிவு புதுப்பிக்கப்படாமற் கைவிட்டுப்போன ஆள்களம் இவ்வாறு 'மூடிய துறை' என்னும் நற்சான்று பெற்றுவிடும்! பெயரைத் தனியே தீர்த்துப் பின்னர்த் துறையைத் தட்டுவோர் இவ்விடரிலிருந்து தப்புவர்.

மூன்றாவதாகக் கால வரையறை வேண்டும். மௌனத்தின் முன்னே நிரல் நெடுநேரங் காத்து நிற்கும். 'டைம்அவுட்' என்னுங் கட்டளையால் மூன்று விநாடி எல்லை வகுத்தால், எல்லை கடந்தபொழுது அது 124 என்னும் எண்ணைத் திருப்பித் தரும். 0 வந்தால் துறை திறந்தது. 124 வந்தால் மௌனம். பிற எண் வந்தால் உடன் வரும் பிழைச்செய்தியைப் படித்து மறுப்போ வேறு தடையோ என்று தெளியலாம். மூவகை விளைவுகளும் இவ்வாறு மூன்றாகவே பதிவாகும்.

இனிக் கணக்கை நோக்குவாம். 120 பெயர்கள், 8 துறைகள். ஆகச் சோதனைகள் 960. அனைத்தும் மௌனமாயின் 2,880 விநாடி, அஃதாவது 48 நிமிடம் செல்லும். ஒரே வேளையில் இருபது சோதனைகளை நடத்தினால் 144 விநாடியில் முடியும். நிரலர் பலர் இவ்விடத்தில் விரைவை நாடுவர். ஆனால் துறை முகவரிக்கே உரியது என்று மேலே கண்டோம். பெயர்களைத் தீர்த்துப் பார்க்குமிடத்து 120 பெயர்களும் பத்து முகவரிகளிலேயே அடங்கினவாயின், வேண்டிய சோதனைகள் 80 மாத்திரமே. ஒன்றன்பின் ஒன்றாய்ச் செய்யினும் நான்கு நிமிடத்தில் முடியும். பிறருடைய சேவையகத்தை ஒரே வேளையில் இருபது கைகளால் தட்டவேண்டிய நிலையும் இல்லை.

பெயர் ஒன்றாயினும் முகவரி இரண்டாதலும் உண்டு. பழைய நான்காம் பதிப்பு முகவரியோடு புதிய ஆறாம் பதிப்பு முகவரியும் பல சேவையகங்களுக்கு உள்ளது. முன்னதற்குத் தீச்சுவர் எழுப்பிப் பின்னதனை மறந்து விடுவோர் பலர். முன்வாயிலைப் பூட்டிப் பின்வாயிலைத் திறந்து வைத்தல் போன்றது இது. இரண்டனையுஞ் சோதியாத நிரல் பாதிச் சோதனையே செய்கின்றது.

இவ்வேலைகளுட் பெரும்பாலானவற்றை ஒருங்கே செய்யும் 'என்மாப்' என்னுங் கருவியைக் கோர்டன் லயன் என்பார் 1997 ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்டார். பெருஞ் சோதனைக்கு அதனையே துணைக்கொள்ளுதல் நன்று. ஆயினும் சிறு நிரலைத் தாமே எழுதிப் பார்க்கும் மாணவர் விடையின் பொருளை உணர்வர்.

விடையைப் பொருள்கொள்ளும் முறை

தேயிலைத் தொழிற்சாலையின் இரவுக் காவலாளரை எண்ணிப் பார்ப்போம். அவர் சுற்றி வரும்பொழுது திறந்த சாளரங்களை மாத்திரம் எண்ணிக்கொண்டு வருவாரல்லர். கொழுந்து வாட்டும் மாடியின் சாளரங்கள் திறந்திருத்தல் தொழிலின் தேவை. தூள் அடுக்கிய களஞ்சியத்தின் கதவு திறந்திருத்தல் தவறு. எது திறந்திருக்க வேண்டுமென்று முன்னரே அறிந்தவருக்குத்தான் காட்சி பொருளுடையதாகும்.

ஆதலின் சோதனைக்கு முன்னரே ஒரு பட்டியல் வேண்டும்: இன்ன முகவரியில் 80, 443 ஆகியன திறந்திருத்தல் வேண்டும், 22 நம் காரியாலயத்துக்கு மாத்திரம் திறந்திருத்தல் வேண்டும், 3306, 445, 3389 என்பன வெளியுலகுக்குத் திறந்திருத்தல் ஆகாது என்றவாறு. நிரல் தந்த பட்டியலை இதனோடு வரிக்கு வரி ஒப்பிடும் கட்டளைகள் ஷெல்லிலே உண்டு. வேறுபடும் வரிகளே நம் கவனத்துக்குரியன. நாடோறும் குறித்த வேளையில் நிரலை இயக்கி, நேற்றைய விடையோடு இன்றைய விடையை ஒப்பிட்டால், எவரோ ஒருவர் சோதனைக்கெனத் திறந்து மூட மறந்த வாயில் மறுநாளே வெளிப்படும். முகவரியையும் உடன் எழுதி வைத்தமையின் பெயர் வேறிடத்துக்குத் திருப்பப்பட்டாலும் தெரியவரும். ஒப்பிடுவதற்கு ஒன்றில்லாத நெடும்பட்டியல் எவராலும் படிக்கப்படாமற் கிடக்கும்.

சோதனை எங்கிருந்து நடைபெறுகின்றது என்பதுங் கருதத்தக்கது. காரியாலயத்தின் உள்ளிருந்து பார்த்தால் திறந்துள்ள துறை வெளியிலிருந்து பார்க்க மூடியிருக்கலாம். இணைய இணைப்புத் தருவோர் சிலர் 25 ஆம் துறைக்குச் செல்லுஞ் செய்திகளைத் தாமே தடுப்பர். அவ்விடத்து மௌனம் தொலைவிலுள்ள சேவையகத்தினதன்று, நம் பக்கத்ததேயாம். திறந்துள்ளது என்று உறுதியாகத் தெரிந்த துறையொன்றை முதலிலே தட்டிப் பார்த்து நம் வழி சீராயிருத்தலைத் தெளிந்த பின்னரே பிறவற்றைத் தட்டுதல் அறிவுடைமை.

அனுமதி என்னும் வரம்பு

பிறர் வாயிலைத் தட்டிப் பார்த்தல் குற்றமா? 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் இவ்வினா நீதிமன்றத்தின் முன் வந்தது. அவசர அழைப்புச் சேவையோடு இணைந்த வலையமைப்பின் துறைகளைத் தட்டிப் பார்த்த கணினி வல்லுநர் ஒருவர் கைதாகியிருந்தார். அதனையொட்டி எழுந்த வழக்கில், அத்தட்டுதலால் வலையமைப்புக்குச் சேதம் நேரவில்லை என்று நீதிமன்றங் கண்டது. ஆயினும் அதற்குள் அவர் பட்ட அல்லல் பெரிது. நம் நாட்டில் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றிக் கணினியை அணுகுதலைக் குற்றமாக்குகின்றது; ஐந்தாண்டு வரையிலான சிறையோ, ஓரிலட்சம் ரூபாய் வரையிலான குற்றப்பணமோ, இரண்டுமோ தண்டனையாகலாம். தட்டுதலும் நுழைதலும் ஒன்றல்ல என்று வாதிடலாம். மாணவர் அவ்வாதத்தைத் தம் வாழ்வைப் பணயம் வைத்து நிறுவ வேண்டியதில்லை. எழுத்து மூலமான அனுமதியில், சோதிக்கும் பெயர்கள், வேளை, எம்முகவரியிலிருந்து சோதிப்பது என்பன குறிக்கப்படுதல் வேண்டும்.

அவ்வனுமதி யாரிடம் பெறற்பாலது? பாடசாலை அதிபர் தம் ஆள்களப் பெயருக்கு உரியவர். ஆனால் துறையோ முகவரிக்கு உரியது. முகவரி இடந்தரும் நிறுவனத்துக்குரியதாயின் அந்நிறுவனத்தின் இசைவும் வேண்டும். பாதுகாப்புக்கென இடைநிற்கும் நிறுவனமொன்றின் பின்னே தளம் அமைந்திருப்பின் நாம் தட்டுவது அந்நிறுவனத்தின் வாயிலேயன்றி நம் வாயில் அன்று. நூறு பெயர்களுக்குத் தனித்தனி இசைவு பெற்றவரும் ஒரு முகவரிக்கு இசைவு பெறாராயின் வரம்பு கடந்தவரேயாவர். பயிற்சி விரும்பும் மாணவர் தம் கணினியையே தட்டிப் பார்க்கலாம். என்மாப் இயற்றியோரும் 'ஸ்கேன்மீ' என்னுங் கணினியொன்றை மிதமான பயிற்சிக்கென விட்டு வைத்துள்ளனர்.

முடிவாகச் சில சொற்கள். பாடசாலைத் தளங்கள் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஒருவர் முயற்சியால் எழுகின்றன. அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றபின் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. அவற்றின் பின்னே உள்ள தரவுத்தளத்திலோ மாணவர் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் விபரம் ஆகியன தங்கிவிடுகின்றன. மலையக மக்களுக்கு ஆவணம் என்பது வெறுந் தாளன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் உரிமையிழந்தோரின் வழியில் வந்த கடைசிப் பிரிவினர் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே பிரசைகளாயினர். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு பிறப்புச் சான்றிதழ், ஒரு பதிவேட்டின் ஒரு வரி ஒரு குடும்பத்தின் வாழ்வையே தீர்மானித்ததுண்டு. இன்று அவ்வரிகள் சேவையகங்களில் எழுதப்படுகின்றன. அவற்றைக் காக்கும் வேலைக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. எவை திறந்திருக்க வேண்டுமென்னும் பட்டியல், ஐம்பது வரிக்கு மேற்படாத ஒரு நிரல், உரியவரின் அனுமதி, நாடோறும் விடையைப் பார்க்கும் ஒருவரின் பொறுப்பு ஆகிய நான்குமே போதும். முதல் மூன்றும் ஒரு வாரத்திற் கைகூடும். நான்காவதனை ஏற்க ஒவ்வொரு பாடசாலையிலும் ஆசிரியர் ஒருவரோ மூத்த மாணவர் ஒருவரோ முன்வருதல் வேண்டும். அவர் விலகுங்கால் பட்டியலையும் நிரலையும் அடுத்தவரிடம் ஒப்படைத்துச் செல்லுதல் வேண்டும்.